மாண்டார் மீள்வரோ?

உயிர் என்னும் சொல்லைத் தமிழ் மூச்சோடு பிணைத்து வைத்திருக்கிறது. உயிர்த்தல் என்றால் மூச்சு விடுதல். உயிர்ப்பு என்றால் மூச்சு. ஒருவர் இறந்தாரா என்று அறிய நம் ஊர்ப்புறங்களில் மூக்கருகே பஞ்சை வைத்துப் பார்த்தனர். புறங்கையை வைத்துப் பார்த்தனர். நாடி பிடித்துப் பார்த்தனர். 'பேச்சுமூச்சு இல்லை' என்ற பின்பே ஓலம் எழுந்தது. மூச்சு நின்றால் உயிர் போயிற்று என்பது கற்றவரும் கல்லாதவரும் ஒருசேர ஏற்ற அளவுகோல். ஐயம் எழுந்தாலும் சில நாழிகை காத்திருந்தால் உடலே விடை சொல்லிவிடும்.

நம் காலம் இந்த எளிய உறவை அறுத்துவிட்டது. இன்று பெருநகர் மருத்துவமனை ஒன்றின் தீவிர சிகிச்சைப் பிரிவில், பொறி ஊட்டும் மூச்சால் நெஞ்சு ஏறி இறங்குகிறது. தொட்டால் உடல் வெதுவெதுப்பாக இருக்கிறது. திரையில் இதயத் துடிப்பு கோடாக ஓடுகிறது. அந்நிலையில் மருத்துவர் வந்து, 'மூளைச்சாவு நேர்ந்துவிட்டது' என்கிறார். கண் காண்பது ஒன்று, காது கேட்பது ஒன்று. எதை நம்புவது? மூளைச்சாவு அடைந்ததாகச் சொல்லப்பட்டவர் கண் திறந்தார், எழுந்து நடந்தார் என்று எப்போதோ படித்த செய்தி அப்போது நெஞ்சில் வந்து நிற்கிறது. அத்தகைய செய்திகள் எல்லாம் கட்டுக்கதைகள் அல்ல. சில மெய்யாகவே நிகழ்ந்தவை. அவற்றை எவ்வாறு பொருள்கொள்வது? எதிர்பாராது மீண்ட ஒருவர், மீளாத பலரைப் பற்றி நமக்கு என்ன சொல்கிறார்? மருத்துவர் வாக்கை ஐயுறுவது அறமா, ஏற்பது அறமா? இவ்வினாக்களை நிதானமாக எண்ணிப் பார்ப்பதற்குரிய இடம் மருத்துவமனையின் தாழ்வாரம் அன்று. ஆதலின் இங்கே எண்ணிப் பார்ப்போம்.

சொல் பிறந்த வரலாறு

சாவின் அடையாளம் பற்றி மனிதர் இதற்கு முன்னும் கலங்கியது உண்டு. 18-ஆம் நூற்றாண்டு ஐரோப்பாவில், உயிரோடு புதைக்கப்பட்டுவிடுவோமோ என்னும் அச்சம் பரவியது. ஜெர்மானிய நகரங்கள் சிலவற்றில், அழுகும் அறிகுறி தோன்றும்வரை பிணங்களை வைத்துக் காப்பதற்கென்றே இல்லங்கள் கட்டப்பட்டன. 1816-இல் பிரெஞ்சு மருத்துவர் லென்னெக் நெஞ்சொலி கேட்கும் குழலைக் கண்டறிந்தார். வெறுங்காதுக்கு எட்டாத துடிப்பைக் குழல் எட்டிப் பிடித்தது. காலப்போக்கில் அச்சமும் தணிந்தது.

இரண்டாவது கலக்கம் ஒரு நன்மையிலிருந்து பிறந்தது. 1952-இல் டென்மார்க்கின் கோபன்ஹேகன் நகரில் இளம்பிள்ளைவாதம் கொள்ளைநோயாகப் பரவிற்று. மூச்சுத் தசைகள் செயலிழந்த நோயாளிகளின் தொண்டையில் துளையிட்டுக் குழாய் செலுத்தி, கையால் பையை அமுக்கி மூச்சூட்டலாம் என்று இப்சன் என்னும் மயக்கவியல் மருத்துவர் வழிகாட்டினார். நூற்றுக்கணக்கான மருத்துவ மாணவர்கள் இரவும் பகலும் முறைவைத்து அமர்ந்து அப்பைகளை அமுக்கினர். பலர் பிழைத்தனர். அந்த மாணவர் கைகளின் பணியைப் பின்னர்ப் பொறி ஏற்றது; தீவிர சிகிச்சைப் பிரிவு பிறந்தது.

ஆயின் அப்பொறி, பிழைக்க வேண்டியவர்க்கு மட்டும் மூச்சூட்டவில்லை. தலையில் பேரடி பட்டு மூளை முற்றும் அழிந்தவரின் நெஞ்சையும் அது அசைத்துக்கொண்டே இருந்தது. 1959-இல் மொல்லாரே, கூலோன் என்னும் பிரெஞ்சு மருத்துவர் இருவர் இந்நிலையை முதன்முதலாக விரித்தெழுதி, மயக்கத்தையும் கடந்த நிலை என்று அதற்குப் பெயரிட்டனர். 1967 டிசம்பர் 3 அன்று தென்னாப்பிரிக்காவின் கேப்டவுனில் டாக்டர் பர்னார்ட் ஒருவர் இதயத்தை இன்னொருவர் மார்பில் பொருத்தினார். அடுத்த சில வாரங்களில், 1968 பிப்ரவரியில், நம் பம்பாய் கே.இ.எம். மருத்துவமனையிலும் டாக்டர் பி.கே. சென் அம்முயற்சியில் இறங்கினார். நோயாளி சில மணி நேரமே வாழ்ந்தார். அதே ஆண்டு ஆகஸ்டில் அமெரிக்காவின் ஹார்வர்டு மருத்துவப் பள்ளியின் குழு ஒன்று, மீளாத மயக்கத்தைச் சாவாகக் கொள்ளலாம் என அறிக்கை தந்தது.

அவ்வறிக்கை தன் நோக்கங்களை மறைக்கவில்லை. மீளவியலாத நோயாளியால் குடும்பத்துக்கும் மருத்துவமனைக்கும் நேரும் சுமை ஒன்று. பழைய இலக்கணத்தால் உறுப்பு மாற்றுக்கு எழும் சர்ச்சை மற்றொன்று. இவ்விரண்டாம் காரணமே இன்றுவரை நம் மனத்தை உறுத்துவது. பிறர்க்குப் பயன்படும் பொருட்டு ஒருவர் சாவுக்கு இலக்கணம் வகுக்கலாமா? உறுத்தல் நியாயமானதே. எனினும் ஒன்றை நினைவில் கொள்ளல் வேண்டும். உறுப்பு மாற்று என்னும் கலை தோன்றாமலே இருந்திருந்தாலும், மூச்சுப்பொறி தோன்றிய அன்றே இவ்வினா எழுந்துவிட்டது. 1959-இல் பிரெஞ்சு மருத்துவர் எழுதியபோது உலகில் எவர் இதயமும் இன்னொருவர்க்கு மாற்றப்பட்டிருக்கவில்லை.

மீண்டவர் சிலர்

இனி, மீண்டவரைக் காண்போம். அமெரிக்காவின் ஓக்லகோமா மாநிலத்து இளைஞர் ஒருவர் 2007 நவம்பரில் ஊர்தி கவிழ்ந்து தலையில் பலத்த அடிபட்டார். மூளைக்குக் குருதி ஓட்டம் இல்லை என்று நிழற்படம் காட்டியதாகக் கூறி, மருத்துவர் அவரை இறந்தவராக அறிவித்தனர். உறுப்புகளைப் பெறுவதற்கான ஏற்பாடும் நடந்தது. செவிலியராகப் பணிபுரிந்த உறவினர் ஒருவர் விடைபெற வந்தவர், பேனாக்கத்தியால் அவ்விளைஞர் உள்ளங்காலைக் கீறிப் பார்த்தார். கால் சுண்டியது. அருகிருந்த செவிலியர் அதனை அனிச்சைச் செயல் என்றார். உறவினர் விடவில்லை, நகக்கண்ணில் தம் நகத்தை அழுத்தினார். இளைஞரின் கை வெடுக்கென விலகி உடலின் குறுக்கே சென்றது. 48 நாள்களுக்குப் பின் அவர் வீடு திரும்பினார். தாம் இறந்ததாக மருத்துவர் சொன்னதைத் தம் காதால் கேட்டதாகவும் பின்னர்த் தொலைக்காட்சியில் கூறினார்.

இதைப் படிக்கும் எவர்க்கும் மெய்சிலிர்க்கும். ஆனால் சிலிர்ப்பு அடங்கியபின் நோக்கினால் ஒன்று விளங்கும். வலிக்குக் கருத்தோடு விலகும் கையை உடையவர், மூளைச்சாவின் இலக்கணத்துக்குள் வருபவரே அல்லர். உறவினர் செய்தது புதுமையான சோதனை அன்று. அறிவிப்பதற்கு முன் மருத்துவர் ஒவ்வொருவரும் செய்யக் கடமைப்பட்ட சோதனைகளுள் அதுவும் ஒன்று. படத்தை நம்பியவர்கள் உடலைக் கேட்கத் தவறினர் என்பதே அந்நிகழ்ச்சியின் பாடம்.

மருத்துவ ஏடுகளில் முறையாகப் பதிவான செய்தியும் உண்டு. 2011-இல் வெளிவந்த ஒரு குறிப்பின்படி, இதயம் நின்று மீட்கப்பட்டு, மூளையைக் காக்கும் பொருட்டு உடல் குளிர்விக்கப்பட்ட 55 வயது மனிதர் ஒருவர் மூளைச்சாவு அடைந்தவராக அறிவிக்கப்பட்டார். 24 மணி நேரம் கழித்து, உறுப்புகளைப் பெறுவதற்காக அறுவை அரங்குக்குக் கொண்டு சென்றபோது, இருமலும், கருவிழியைத் தொட்டால் இமைக்கும் இயல்பும், தானே எழும் மூச்சும் தோன்றின. அறுவை நிறுத்தப்பட்டது. அவர் நினைவு திரும்பாமலே பின்னர் இறந்தார். மீட்சி என்று இதனைச் சொல்ல இயலாது. எனினும் குளிர்விக்கப்பட்ட உடலில் அவசரச் சோதனை கூடாது என்பதை மருத்துவ உலகுக்கு இது உரக்கக் கூறிற்று. குளிரின் ஆற்றலை அறிய இன்னொரு சான்றும் உண்டு. 1999-இல் நார்வே நாட்டில் பனிநீரில் சிக்கிய பெண் மருத்துவர் ஒருவரின் உடல் வெப்பம் 13.7 டிகிரி செல்சியஸ் வரை தாழ்ந்தது, இதயமும் நின்றிருந்தது. பல மணி நேரப் போராட்டத்துக்குப் பின் அவர் மீண்டு, மீண்டும் மருத்துவப் பணியே ஆற்றினார்.

வேறொரு வகைச் செய்தியும் இவற்றோடு கலந்துவிடுகிறது. கோமா எனப்படும் ஆழ்மயக்கமும், விழித்திருந்தும் உணர்வற்றுக் கிடக்கும் நிலையும், மூளைச்சாவும் வெவ்வேறானவை. முன்னிரண்டில் மூளைத்தண்டு உயிரோடிருக்கும். மூச்சு தானே நடைபெறக் கூடும். மீட்சிக்கும் சிலர்க்கு வழியுண்டு. பம்பாயில் 1973-இல் கொடுந்தாக்குதலுக்கு ஆளான செவிலியர் ஒருவர், 2015-இல் மறையும்வரை 42 ஆண்டுக்காலம் உணர்வு திரும்பாது கிடந்தார். உடன் பணிபுரிந்த செவிலியர் தலைமுறை தலைமுறையாக அவரைப் பேணினர். 2011-இல் அவர் வழக்கை ஆராய்ந்த உச்ச நீதிமன்றம், அவர் மூளைச்சாவு அடைந்தவர் அல்லர் என்று தெளிவாகவே கூறிற்று. செய்தி எழுதுவோர் இவ்வேறுபாட்டைக் கருதாமல் எல்லாவற்றையும் ஒரே சொல்லால் குறிக்கும்போது, நடக்காத அதிசயங்கள் நடந்தவையாகிவிடுகின்றன.

இதற்கு மறுதலையான மயக்கமும் உண்டு. மூளை முற்றும் இறந்த பின்னும் தண்டுவடம் சில நாள் உயிரோடிருக்கலாம். அதனால் விரல் அசையலாம். கைகள் எழுந்து மார்பின்மேல் படியவும் கூடும். 1984-இல் மருத்துவ ஏட்டில் விரித்துரைக்கப்பட்ட இவ்வசைவுக்கு, விவிலியத்தில் கல்லறையிலிருந்து எழுந்தவரின் பெயரால் லாசரஸ் அறிகுறி என்று பெயர் வழங்குகிறது. பெற்ற தாய் ஒருத்தி இவ்வசைவைக் கண்டால் அவளுக்கு யார் என்ன சொல்ல முடியும்? முன்கூட்டியே சொல்லி வைப்பது ஒன்றே வழி.

பாம்பு தீண்டியோர்

அயல்நாட்டுச் செய்திகளைவிட நம் நாட்டுக்கு நெருங்கிய சான்று ஒன்று உண்டு. அது கட்டுவிரியனின் நஞ்சு.

தரையில் படுத்துறங்குவோரை இரவில் தீண்டும் இப்பாம்பின் பல் பட்டது பல வேளை தெரிவதே இல்லை. விடியலில் வயிற்று வலி; பின் இமைகள் தாழ்கின்றன; நாக்குக் குழறுகிறது; மூச்சுத் தசைகள் சோர்கின்றன. நஞ்சு நரம்புக்கும் தசைக்கும் இடையிலுள்ள தொடர்பைத் துண்டிக்கிறது. உச்ச நிலையில் கை கால் அசையா. கண்மணி விரிந்து ஒளிக்குச் சுருங்காது. தொண்டையில் குழாய் பட்டாலும் இருமல் வாராது. மூளைத்தண்டு இறந்தவர்க்குரிய அடையாளங்கள் பலவும் அங்கே தோன்றும். ஆயின் மூளைக்கு ஒன்றும் நேரவில்லை! சுற்றி நிற்போர் அழுவதும் அவர் காதில் விழக்கூடும். மூச்சுப்பொறியும் நச்சுமுறி மருந்தும் பொறுமையும் இருந்தால், சில நாள்களில் விரல் அசையும். ஒரு வாரத்திலோ சில வாரங்களிலோ அவர் நடந்து வீடு செல்வார். நம் நாட்டு மருத்துவர்கள் இத்தகைய நோயாளிகளைப் பற்றிப் பலமுறை எழுதியுள்ளனர். 2000 முதல் 2019 வரை இந்தியாவில் பாம்புக்கடியால் இறந்தோர் ஏறத்தாழ 12 லட்சம், ஆண்டுக்குச் சராசரி 58,000 என ஓர் ஆய்வு மதிப்பிட்டுள்ளது. இவ்வளவு பேர் இறக்கும் நாட்டில் இவ்வறிவு மருத்துவமனைச் சுவருக்குள் மட்டும் இருக்கத் தக்கதன்று.

நம் இலக்கியம் இங்கே நினைவுக்கு வருகிறது. பெரியபுராணத்தில் திங்களூர் அப்பூதியடிகளின் மகன் வாழையிலை அரியச் சென்று பாம்பு தீண்டி மாண்டான். திருநாவுக்கரசரின் பதிகத்தால் எழுந்தான். திருமருகலில் வணிகன் ஒருவனையும், மயிலையில் பூம்பாவையையும் ஞானசம்பந்தர் எழுப்பினார். மூவரும் பாம்பு தீண்டியோரே. வங்கத்தில் வாழும் நம்மவர் பெகுலாவின் கதையைக் கேட்டிருப்பர். பாம்பு தீண்டி இறந்த கணவன் லக்கிந்தரின் உடலை வாழைத்தண்டுத் தெப்பத்தில் ஏற்றி, தானும் உடன் சென்று, அவனுயிரை மீட்டு வந்தாள் அந்நங்கை. கங்கைச் சமவெளியில் பாம்பு தீண்டி இறந்தோரை எரிக்காமல் ஆற்றில் விடும் வழக்கமும் நெடுங்காலம் இருந்தது. அருளாளர் செயலை மருத்துவக் குறிப்பாகச் சுருக்கிவிடுவது நம் நோக்கமன்று. நம்பிக்கையின் நிறை வேறு. ஆயினும், தென்கோடியிலும் கீழ்த்திசையிலும் வாழ்ந்த மக்கள் பாம்பு தீண்டிய சாவை முற்றுப்பெறாத சாவாகவே மனத்தில் வைத்திருந்தனர் என்பது கருதத் தக்கது. எந்தச் சாவில் அவசரம் கூடாது என்பதை அவர்கள் எவ்வாறோ உணர்ந்திருந்தனர்.

வினாவின் உள்ளே

இனி நேரிய வினாவுக்கு வருவோம். மீண்டவர் இறந்து மீண்டாரா, இறவாதே இருந்தாரா? மீளாமை என்பதே சாவின் இலக்கணமாயின், மீண்டவர் இறக்கவில்லை என்பதே விடை. இதற்கு ஒருவர் தடை எழுப்பலாம்: 'மீளாதவரைக் காட்டி அறிவிப்பு மெய் என்பீர், மீண்டவரைக் காட்டினால் அறிவிப்பே முறைப்படி நடக்கவில்லை என்பீர், அப்படியானால் உங்கள் இலக்கணம் என்றுமே தோற்காதே? தோற்கவே முடியாத இலக்கணம் என்ன இலக்கணம்?' தடை கூர்மையானது. அதைத் தட்டிக்கழித்தல் தகாது.

இலக்கணம் தோற்பதற்கு ஒரு வழி திறந்தே இருக்கிறது. காரணம் அறியப்பட்டு, குளிரும் நஞ்சும் மயக்க மருந்தும் இல்லை என உறுதிசெய்யப்பட்டு, எல்லாச் சோதனைகளும் முறைப்படி நடந்தபின் ஒருவர் நினைவு பெற்று எழுந்தால் அது தோற்றதாகும். அமெரிக்க நரம்பியல் கழகம் 2010-இல் பழைய பதிவுகளை ஆராய்ந்து, தன் நெறிமுறைப்படி அறிவிக்கப்பட்ட வயது வந்தோரில் மூளையின் செயல் திரும்பியதாக வெளியான சான்று எதுவும் இல்லை என்று கூறிற்று. இது முற்றறிவு அன்று. மனிதர் முயன்று பெற்ற அறிவு. 2013 டிசம்பரில் கலிபோர்னியாவில் மூளைச்சாவு அறிவிக்கப்பட்ட 13 வயதுச் சிறுமி ஒருத்தியை, அறிவிப்பை ஏற்காத குடும்பத்தார் நியூஜெர்சி மாநிலத்துக்குக் கொண்டு சென்றனர். சமயக் காரணத்தால் மூளைச்சாவை ஏற்காதவர்க்கு அம்மாநிலச் சட்டம் விலக்களிக்கிறது. அச்சிறுமியின் உடல் 2018 ஜூன் வரை பொறியின் துணையோடு இருந்தது, பருவமும் எய்திற்று. அவள் எழவில்லை, பேசவில்லை. எனினும் மருத்துவருள் சிலர் அவள் நிலை இலக்கணத்தினின்று மாறிற்று என வாதிட்டனர். எல்லைக்கோட்டில் நின்று அறிஞரும் வேறுபடுகின்றனர் என்பதை மறைப்பது மக்களுக்குச் செய்யும் மரியாதை ஆகாது.

இவற்றிலிருந்து நாம் பெறும் தெளிவு யாது? சாவு இயற்கை செய்யும் செயல். சாவை அறிவித்தல் மனிதர் செய்யும் செயல். மனிதர் செயலில் பிழை நேரும். அப்பிழையின் சுமை சொல்பவர் தலையில் விழவேண்டுமே தவிரக் கேட்பவர் தலையில் விழலாகாது. ஆகவே அறிவிப்புக்கு முன் ஐயம் அறம். அவ்வையத்தை இறுதிவரை துரத்திச் சென்று தீர்ப்பது மருத்துவர் கடன். ஐயம் முறைப்படி தீர்க்கப்பட்டபின் ஏற்றல் அறம். அது நம் கடன். முன்னதைச் செய்யாதவர் பின்னதை நம்மிடம் கேட்க உரிமையற்றவர். முன்னது செய்யப்பட்டபின் நாம் பின்னதை மறுத்தால், நாம் காப்பது உயிரை அன்று. நம் துயரத்தின் தவணையையே.

சட்டமும் சந்தேகமும்

நம் நாட்டில் 1994 ஜூலையில் உறுப்பு மாற்றுச் சட்டம் நிறைவேறிற்று. அடுத்த மாதமே, ஆகஸ்ட் 3 அன்று, தில்லி அகில இந்திய மருத்துவ அறிவியல் கழகத்தில் டாக்டர் வேணுகோபால் நாட்டின் முதல் வெற்றிகரமான இதய மாற்றைச் செய்தார். மூளைத்தண்டுச் சாவை நால்வர் கொண்ட மருத்துவர் குழு உறுதிசெய்ய வேண்டும். குறைந்தது 6 மணி நேர இடைவெளியில் இருமுறை சோதிக்க வேண்டும். உறுப்பு மாற்றும் குழுவினர் அக்குழுவில் இருத்தல் கூடாது என்பன சட்டமும் விதிகளும் வகுத்த வேலிகள். கண்மணியில் ஒளி காட்டல், கருவிழியைத் தொடல், காதில் குளிர்நீர் விடல், தொண்டையைத் தூண்டல், வலி ஊட்டல் ஆகியவற்றுக்குப் பின், இறுதியாகப் பொறியை நீக்கி மூச்சுத் தானே எழுகிறதா என்று பார்க்கின்றனர். மூச்சையே உயிராகக் கொண்ட நம் பழஞ்சொல் இங்கே மீண்டும் வந்து சேர்கிறது. கடைசிச் சோதனை இன்றும் உயிர்ப்பைத் தேடுவதே.

ஆனால் சட்டத்தில் ஓர் இடைவெளி உண்டு. இச்சட்டம் மூளைத்தண்டுச் சாவைச் சாவு என்கிறது. 1969-ஆம் ஆண்டுப் பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டமோ, வாழ்வின் எல்லா அடையாளங்களும் நிலையாக மறைதலே சாவு என்று மட்டும் சொல்லிற்று. மூளையைத் தனியே குறிக்கவில்லை. இதன் விளைவு நடைமுறையில் தெரிகிறது. குடும்பம் உறுப்பளிக்க இசைந்தால் பொறி நிற்கிறது, இசையாவிட்டால், நிறுத்த மருத்துவர் தயங்க, பொறி ஓடிக்கொண்டே இருக்கிறது, கட்டணமும் ஓடுகிறது. 2020-இல் கேரள அரசு, உறுப்புக் கொடை நடந்தாலும் நடவாவிட்டாலும் மூளைச்சாவு சாவே என்ற அடிப்படையில் பொறியை நீக்குதற்கு வழிகாட்டு நெறி வெளியிட்டது. அது நேரிய வழி. ஒரே உடல் நாம் தரும் விடையைப் பொறுத்து இறந்ததாகவும் இறவாததாகவும் ஆகுமாயின், மக்கள் அந்தச் சொல்லை எவ்வாறு நம்புவர்?

சந்தேகத்தின் வேர் இங்கேதான் இருக்கிறது. 'மூளைச்சாவு' என்னும் சொல் பல குடும்பங்களின் காதில் தனியே விழுவதில்லை. ஒரு வேண்டுகோளின் முன்னுரையாகவே விழுகிறது. கேட்பவர், 'இறந்துவிட்டார்' என்பதை மறந்து, 'வேண்டியிருக்கிறது' என்பதையே கேட்கிறார். சாவைச் சொல்பவர் ஒருவராகவும், கொடையைக் கேட்பவர் வேறொருவராகவும் இருத்தல் வேண்டும். சொல்லுக்கும் வேண்டுகோளுக்கும் இடையே அழுது முடிக்கவாவது பொழுது வேண்டும்.

அயலூரில் நாம்

இவ்வினா எல்லார்க்கும் உரியதே. ஆயினும் தாயகம் விட்டுத் தில்லியிலும் மும்பையிலும் கல்கத்தாவிலும் நாக்பூரிலும் வாழும் நமக்கு இதில் ஒரு தனித் துன்பம் உண்டு. ஊரில் ஒருவர் வீழ்ந்தால் பெரியப்பா வருவார், மாமன் வருவார், தெருவே திரளும். முடிவு பலர் தோளில் பகிர்ந்து இறங்கும். இங்கே முடிவெடுக்க நிற்பவர் பெரும்பாலும் ஒரு மனைவி, அல்லது கல்லூரி முடியாத ஒரு மகன். மருத்துவர் சொல்வது இந்தியிலோ மராத்தியிலோ ஆங்கிலத்திலோ இருக்கும். அதைத் தொலைபேசியில் தமிழாக்கி, மதுரையிலோ திருநெல்வேலியிலோ இருக்கும் முதிய தாய்க்குச் சொல்லவேண்டிய கொடுமையும் அவர்க்கே. மூளைச்சாவு என்பதைத் தாய்க்கு எப்படிச் சொல்வது? 'மூச்சு இருக்கிறதா?' என்பதே அவள் கேட்கும் முதற்கேள்வி. 'இருக்கிறது, ஆனால் அது அவர் மூச்சு அன்று' என்னும் விடையைச் சொல்ல எந்த மகனுக்கு நா எழும்?

ஆகவே கேட்கவேண்டியவற்றை முன்பே அறிந்திருத்தல் நலம். மூளை அழிந்ததற்குக் காரணம் திட்டமாகத் தெரிந்ததா? உறக்க மருந்து, நஞ்சு, குளிர் ஆகியவற்றால் இந்நிலை தோன்றவில்லை என்று உறுதிசெய்தனரா? முதற்சோதனை எப்போது, இரண்டாவது எப்போது, செய்தவர் யாவர்? பொறியை நீக்கி மூச்சுச் சோதனை செய்தனரா? இந்நான்கையும் பணிவோடு கேட்கலாம். சோதனையை உடனிருந்து காண விரும்பினால் அதையும் வேண்டலாம். நல்ல மருத்துவர் இதனை அவமதிப்பாகக் கொள்ளார். தாய் வந்து முகம் காணும்வரை ஓரிரவு பொறுக்குமாறு வேண்டுவதும் மூடத்தனம் ஆகாது. அது பிரிவின் முறை. ஆயின் எல்லா விடையும் வந்தபின், எங்கோ ஒருவர் எழுந்தார் என்ற செய்தியை ஏந்திக்கொண்டு, நிலத்தை விற்றும் நகையை அடகு வைத்தும் மாதக்கணக்கில் பொறிக்கு ஊட்டுவது வேறு. எழுந்தவர் சோதிக்கப்படாதவர், நம்மவர் சோதிக்கப்பட்டவர். இந்த வேறுபாட்டைத் துயரின் நடுவிலும் பற்றிக்கொள்ள வேண்டும்.

இரு கைகள்

2008-இல், சென்னைக்கு அருகே வாழ்ந்த மருத்துவத் தம்பதியர், விபத்தில் மூளைச்சாவு அடைந்த தம் இளமகனின் உறுப்புகளைக் கொடையாக அளித்தனர். அவன் இதயம் ஒரு சிறுமியின் மார்பில் துடித்தது. சோதனைகளின் பொருள் அறிந்தவர்கள் அவர்கள், அறிந்தே ஏற்றனர். அச்செய்தி தமிழ்நாடெங்கும் எழுப்பிய உணர்ச்சி, உறுப்புக் கொடை இயக்கத்துக்கே உயிரூட்டிற்று. 2023 செப்டம்பரில் தமிழ்நாடு அரசு, உறுப்பு ஈந்தோர் இறுதிச் சடங்கு அரசு மரியாதையோடு நடைபெறும் என அறிவித்தது.

ஓக்லகோமாவில் உறவினரின் நகக்கண்ணை அழுத்திய கையையும், சென்னையில் ஒப்புதல் தாளில் ஒப்பமிட்ட கையையும் நாம் எதிரெதிராக நிறுத்துகிறோம். ஒன்று நம்பிக்கையின் கை, மற்றொன்று விட்டுக்கொடுத்த கை என்கிறோம். அவ்வாறு பிரிப்பது பிழை. முதற்கை, உண்மை தெரியும்வரை விடமாட்டேன் என்றது. இரண்டாம் கை, உண்மை தெரிந்தபின் அதை மறுக்கமாட்டேன் என்றது. இரண்டுக்கும் பின்னே இருந்தது ஒரே அன்பு. ஒரே குடும்பத்துக்கு ஒரே நாளில் இவ்விரு கைகளும் தேவைப்படலாம். காலையில் ஒன்று, மாலையில் மற்றொன்று.

அயலூரில் இறந்தவர் உடலை ஊருக்கு அனுப்பத் துணைநிற்பதும், குருதி வேண்டுவோர்க்கு ஆள் தேடித் தருவதும் நம் சங்கங்களுக்குப் புதியன அல்ல. அப்பணிகளோடு இதனையும் சேர்த்துக்கொள்ளலாம். ஊர்மொழியும் மருத்துவச் சொல்லும் அறிந்த உறுப்பினர் இருவர் மூவர், அழைத்த வேளையில் மருத்துவமனைக்குச் சென்று அக்குடும்பத்தின் அருகில் அமரட்டும். அவர்கள் முடிவு எதையும் சொல்ல வேண்டா. கேள்வியைக் கேட்கவும், விடையைத் தமிழில் சொல்லவும், ஊரிலிருந்து வரும் தொலைபேசியை எடுக்கவும் துணையிருந்தால் போதும். நாமும் நம் வீட்டில், உடல் நலமாயிருக்கும் ஒரு மாலைப்பொழுதில், 'எனக்கு அப்படி ஒன்று நேர்ந்தால் நன்றாகக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். தெரிந்தபின் என்னைப் பொறியில் கட்டி வைக்காதீர்கள்' என்று மனைவி மக்களிடம் சொல்லி வைப்போம். சொல்லும்போது அவர்கள் வாயைப் பொத்துவார்கள். இருந்தாலும் சொல்லி வைப்போம்.